தும்பைக்கு எதிர்த்தட்டில் நத்தை

வேங்கைக்கானலில் ஒரு சித்திரை மாதத்துக் காலையில், கயலு வீட்டுப் பலாமரத்தின் ஒரு கிளை, குழந்தை கனத்துக்குப் பழம் தொங்கியபோதெல்லாம் அசையாமல் நின்ற கிளை, எலுமிச்சம்பழத்தில் பாதிகூட இல்லாத ஒரு மரநத்தை மேலே ஊர்ந்து வந்ததும் முனகிக்கொண்டே வளைந்து வாசலைத் தொட்டது. கயலுவின் அம்மா நாகரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, சரி, இனிமேல் துணி காயப்போட அண்ணாந்து நிற்க வேண்டியதில்லை என்று சொல்லி, கையிலிருந்த ஈரச்சேலையை அந்தக் கிளையிலேயே விரித்தாள்.

அதே வாரம் ரோட்டு முக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற சடையப்பனின் பாறையிலும் அந்த மாதிரியே ஆயிற்று. அவர் காப்பிக்கொட்டை காயப்போடுகிற பாறை அது. அதன் இடுக்குகளில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சொல்லுவார்கள், கல்லுத்தும்பை பூக்கும். ஊதா நிறம், காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி முகம். அந்தப் பூக்கள் கனத்துப் பாறையில் குழி குழியாக அழுந்தின. சடையப்பனின் மனைவி வேலம்மா வழக்கம்போல ஒரு பூவைப் பறித்துக் கொண்டையில் செருகினாள்; செருகிய கையோடு கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது; அன்றிலிருந்து அவள் எதிரே வருகிறவர்களையெல்லாம் சந்தேகப்படுகிறவள்போலத் தலையைச் சாய்த்தே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்களும் பயந்துபோய்ச் செய்யாத தப்பையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர் இதற்கெல்லாம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. காற்றுக் காலத்தில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு இதழ் வைத்தார்கள். ஆட்டைக் கட்ட முளை அடிக்கிற வேலை மிச்சம் என்று ஒரு தும்பைக் காம்பில் கயிற்றைச் சுற்றிவிட்டுப் போனார்கள். கடைக்காரர் ஒரு நத்தையைப் பிடித்து எடைக்கல்லாக வைத்துப் பார்த்தார், ஆனால் அது அரிசி அளக்கிற நேரமாகப் பார்த்துத் தட்டைவிட்டு இறங்கிப் போகும், வாங்க வந்தவர்கள் அது திரும்பி வருகிறவரை பொறுமையாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. எப்படி என்று மட்டும் தெரிந்துகொண்டார்கள், அதுவும் ஒரு செம்போத்தினால். பலாமரத்தில் உட்கார்ந்திருந்த செம்போத்து ஒரு நத்தையைக் கொத்தி விழுங்கியது. விழுங்கியதும் தொப்பென்று கீழே விழுந்தது. அப்புறம் பறக்க முடியாமல் ஊர்த்தெரு வழியாக, சீர்வரிசை கொண்டு போகிற சம்பந்திபோல, மெதுவாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தது. அது விழுங்கிய அந்தக் கணத்தில், மரத்தில் மிச்சமிருந்த நத்தைகள் இருந்த கிளையெல்லாம் இன்னும் ஒரு சாண் தாழ்ந்ததை நாகரத்தினம் பார்த்தாள். ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் கனக்கும். ஒன்று கூடினால் மற்றதெல்லாம் இலேசாகும். அவ்வளவுதான் கணக்கு. ஆடு மாடுக்கோ மனிதருக்கோ இந்தக் கணக்கு கிடையாது. நத்தைக்கும் தும்பைக்கும் மட்டும்தான், அதுகளுக்கு அப்படி ஒரு வீம்பு.

கயலுவுக்கு அப்போது பதினாறு வயது. முழுப்பெயர் அங்கயற்கண்ணி. அவளுக்கென்று சொந்தமாக ஒரு குரல் இருந்ததா என்பது பெற்றவளுக்கே மறந்துவிட்டிருந்தது, ஏனென்றால் காலையில் கண் விழிக்கும்போதே அவள் வேறு யாராவதாகத்தான் விழிப்பாள். முக்கோடு நின்றுவிடுகிற பஸ்ஸின் ஹாரனாகக் கத்தி ஊரையே மூட்டை முடிச்சோடு ஓடவைப்பாள். குக்கராக விசில் அடித்துப் பாதி வெந்த பருப்பை இறக்கவைப்பாள். பூசாரியாகத் தும்முவாள், பூசாரியே தனக்குத்தான் தும்மல் வந்தது என்று மூக்கைத் துடைத்துக்கொள்வார். ஆனால் அவள் மனதாரப் பிடித்து வைத்திருந்த குரல் சடையப்பனுடையதுதான். அவள் அம்மாவுக்கு அவர் தூரத்து அண்ணன்; கயலுவுக்கு மாமா. எதைச் சொல்வதற்கு முன்னாலும் இரண்டு தடவை கனைப்பார், சொல்லி முடித்ததும் ‘அதான் விசயம்’ என்று பூட்டுப் போடுவார். ஒருநாள் அவர் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, அந்தக் கனைப்போடு, கறி எடுத்திருக்கேன் மசாலா அரைச்சு வை, அதான் விசயம் என்று கயலு சொல்ல, வேலம்மா அம்மி தேய அரைத்து வைத்தாள். அன்று மாலை சடையப்பன் ஒரு கட்டுக் கீரையோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் கயலுவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவள் அதற்கும் ஒரு கனைப்புக் கனைப்பாள்.

விளையாட்டு விளையாட்டாக இருந்தது ரோடு வருகிறவரைதான்.

கீழே ஊர்களிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வந்த தார்ரோடு வேங்கைக்கானல் முக்கில் மூச்சு வாங்கி நின்றுபோய் வருடக்கணக்காயிற்று. அங்கிருந்து மூட்டைகளைத் தோளிலும், காய்ச்சல்காரர்களை நாற்காலியிலும் தூக்கித்தான் இறக்கவேண்டும். ரோட்டை ஊருக்குள் கொண்டுபோக இரண்டே வழி. இடப்பக்கம் போனால் சடையப்பனின் பாறையை உடைக்கவேண்டும். வலப்பக்கம் போனால் பலாமரத்தை வெட்டவேண்டும், மரத்தை வெட்டினால் அதை ஒட்டியிருக்கிற கயலுவின் வீட்டையும் இடிக்கவேண்டும். பாறை பட்டா நிலம். வீடு புறம்போக்கில் இருந்தது.

கோதண்டபாணி என்கிற அதிகாரி வந்தார். எதற்கும் பதறாத மனிதர், எதையும் பார்த்துத் தலையை ஆட்டுகிறவர். ஊரைக் கோயில் முன்னால் கூட்டி, காப்பி குடித்துக்கொண்டே, சட்டம் என்ன சொல்கிறது என்று வாசித்தார். எந்த உயிர் அழிகிற நிலைக்கு அதிகம் நெருங்கியிருக்கிறதோ அதன் இடத்தைத் தொடக்கூடாது; மற்றதன் வழியாக ரோடு போகலாம். கல்லுத்தும்பை: அழிவின் விளிம்பில். மரநத்தை: போதிய தகவல் இல்லை. ஆகவே வலப்பக்கம்.

கூட்டத்துக்கு ‘போதிய தகவல் இல்லை’ என்பதுதான் உறைத்தது. ரேஷன் அட்டை கேட்டு அலைந்தவர்கள், முதியோர் பணம் கேட்டு நின்றவர்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கம்.

“தகவல் இல்லைன்னா என்னங்க அர்த்தம்?” என்று நாகரத்தினம் கேட்டாள். “நத்தை இருக்குன்னா, இல்லைன்னா?”

“யாரும் வந்து எண்ணலைன்னு அர்த்தம்மா.”

“நீங்க எண்ணாததுக்கு அது என்னங்க பண்ணும்?”

கோதண்டபாணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார், ஆனால் தாளில் இருந்தது தாளிலேயே இருந்தது.

அப்போதுதான் ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கத்தைச் சொன்னார்கள். கானலம்மன் கோயில் முன்னால் ஒரு துலாக்கட்டை உண்டு, இரண்டு பக்கமும் பித்தளைத் தட்டு. நேர்த்திக்கடனுக்கு வெல்லமும் வாழைப்பழமும் எடை போடுவதற்கு மட்டுமல்ல, ஊரில் எந்த வழக்கு வந்தாலும் அதில்தான் தீரும். அண்ணன் தம்பி பாகம் அதில்தான் பிரிந்தது. ஒரு தடவை இரண்டு மருமகள்களில் யாருக்குக் கோபம் அதிகம் என்று தெரியாமல், அவரவர் விட்டெறிந்த பாத்திரங்களைத் தட்டில் வைத்துப் பார்த்து, கனமாக விட்டெறிந்தவளுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். எடை போடுவதற்கு முன்னால் தட்டில் இருப்பது தன் வாயால் ‘வச்சுப் பாருங்க’ என்று சொல்லவேண்டும். வாயில்லாததற்கு வேறொருவர் சொல்லவேண்டும். இன்னொன்று, மழைக்கு முன்னால் ஒரு எடை, மழைக்குப் பின்னால் ஒரு எடை. இரண்டையும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. ஈரக் காப்பிக்கொட்டையை விற்று வாங்கி ஏமாந்த ஊர் அது, ஒரே ஒரு எடையை அது எப்போதும் நம்பியதில்லை.

மழைக்காலத்தில் எப்படியும் ரோட்டு வேலை நடக்காது. கோதண்டபாணி சரி என்றார்.

தட்டில் ஒரு தும்பை. எதிர்த்தட்டில் ஒரு நத்தை. எது கனக்கிறதோ அதுதான் அரிது, அதன் இடம் தப்பும். இரண்டுக்கும் வாயாக யார் நிற்பது என்று கேட்டபோது ஊரே கயலுவைப் பார்த்தது. அவள் குதித்துக்கொண்டு வந்தாள். தும்பைக்காக, சளி பிடித்த தலைமையாசிரியை மாதிரி, மூக்கால், மெல்லிசாக, கொஞ்சம் கோபித்துக்கொண்டு ‘வச்சுப் பாருங்க’ என்றாள். கூட்டம் உருண்டு சிரித்தது, வேலம்மாகூடச் சாய்ந்த தலையோடு சிரித்தாள். அப்புறம் நத்தை. கயலு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நத்தை இரண்டு கொம்புகளையும் நீட்டி அவளைப் பார்த்தது, அதன் கூடு இடப்பக்கமாகச் சுழித்துக்கொண்டு மஞ்சளாக மினுங்கியது, கயலு வாயைத் திறந்தபடி நின்றாள், தொண்டையில் பஸ் இருந்தது, குக்கர் இருந்தது, பூசாரி இருந்தார், நத்தை இல்லை. இதுவரை செய்ததிலேயே இதுதான் அச்சு அசல் என்று கூட்டம் கைதட்டியது. தனக்கு வரவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

துலாக்கட்டை ஆடி ஆடி நின்றது. தும்பைத் தட்டு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

சடையப்பன் இரண்டு தடவை கனைத்தார். “அதான் விசயம்” என்றார்.

பலாமரத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையமும், வீட்டுச் சுவரில் ஒரு குறியும் போட்டுவிட்டு அதிகாரியின் ஆட்கள் இறங்கிப் போனார்கள்.  மறுநாள் நாகரத்தினம் பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, எடுத்துப் போகத் தோதாக, பெரியதற்குள் சின்னதை வைக்க ஆரம்பித்தாள். எங்கே எடுத்துப் போவது என்று அவள் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது. கயலு அவளைச் சிரிக்க வைக்க அவள் குரலிலேயே அவளைத் திட்டிப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை.

டீக்கடையில் எவனோ சொன்னான், ரெண்டு நத்தையை நசுக்குனா மிச்சமெல்லாம் கனத்துருமே, அடுத்த எடையில ஜெயிச்சுரலாமே என்று. சொன்னவன் வடையைத் தின்றுவிட்டுப் போய்விட்டான். சொல் கயலுவின் காதில் உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வளைந்த கிளைக்குக் கீழே போய் நின்றாள். நத்தை இலைக்கும் இலைக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது, எங்கே போகிறது என்று கேட்டால் அடுத்த வாரம் சொல்லும்போல. கல்லைத் தூக்கினாள். சாகப்போவது என்ன சொல்லும் என்று, பழக்கதோஷம், அதன் குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்க்க நினைத்தாள். இந்த முறையும் வரவில்லை. குரல் தெரியாத ஒன்றை எப்படிக் கொல்வது என்று கல்லைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள்; யோசித்ததில் அவளுடைய வழக்கமான குறும்பு மெல்லத் தலைநீட்டியது. நம்முடையதை எதற்குக் குறைக்கவேண்டும்? அவர்களுடையதைக் கூட்டிவிட்டால் ஆயிற்று.

கல்லுத்தும்பையின் காயைத் தொட்டால் வெடிக்கும். கயலு சடையப்பன் வீட்டில் இல்லாத நேரமாகப் பாறையில் ஏறி, காய்களைத் தொட்டுத் தொட்டுத் தாவணியில் பிடித்தாள். ஒவ்வொரு விதையும் இரும்பு நட்டுப்போலக் கனத்தது. பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதுகு வளைய, ஓடைக்கரையில் விதைத்தாள், மதகில் விதைத்தாள், கோயில் சுவர் வெடிப்பில் விதைத்தாள், மழையில் நனைந்துகொண்டு விதைத்தாள், யாராவது கேட்டால் அவர்கள் குரலிலேயே பதில் சொல்லிக் குழப்பிவிட்டு விதைத்தாள். ஆவணி பிறந்தபோது ஒருநாள் நடந்துகொண்டிருக்கையில் முதுகுப்பை சட்டென்று கொஞ்சம் இலேசானது. எங்கேயோ ஒன்று முளைத்திருக்கிறது. அவள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். அன்றிலிருந்து எது எங்கே முளைத்தாலும் அவள் தோளுக்குத் தெரிந்தது, வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போதுகூடப் பை இலேசாகும், அவள் சிரிப்பாள், வாத்தியார் தன்னைத்தான் என்று சட்டையைச் சரிசெய்துகொள்வார்.

புரட்டாசியில் ஒரு விடிகாலை, மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. கயலு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பலாமரத்தின் கீழே ஒரு ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், குடை அவருக்கு மேலே இல்லை, கையை நீட்டி ஒரு கிளைக்கு மேலே பிடித்திருந்தார், அவர் தலையில் தண்ணீர் வழிந்தது. சடையப்பன்.

கயலு கதவுக்குப் பின்னாலிருந்து வேலம்மா குரலில் கேட்டாள்: “ஏங்க, இந்நேரத்துக்கு அங்க என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்லடி, சுருட்டுன இலைக்குள்ள முட்டை வச்சிருக்கு, மழை அடிச்சுட்டுப் போயிரும். வந்துர்றேன்” என்று சடையப்பன் திரும்பாமலே சொன்னார். சொன்னபிறகுதான் அவர் மனைவி முக்குக்கு அந்தப்பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்து திரும்பினார். “கழுத. நீயா?”

“எங்க நத்தைக்கு எதுக்கு மாமா நீங்க குடை பிடிக்கிறீங்க?”

அவர் கனைத்தார். மறுபடி கனைத்தார். “பெருகுனா இலேசாயிரும்ல. அதான் விசயம்.”

கயலுவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தான் ஓடையெல்லாம் தும்பை விதைத்து வருவதை அவளாகவே சொன்னாள்.

“தெரியும்” என்றார் சடையப்பன். “என் கூரையிலகூட விதைச்சுட்டுப் போயிருக்க. ஏறுனவ பாத்து ஏறக்கூடாதா? ஒரு ஓடு ஒடஞ்சு ஒழுகுது, வேலம்மா குண்டானை வச்சு அத்தோட சண்டை போட்டுக்கிட்டிருக்கா.”

அதற்கப்புறம் அவர்கள் ஒளித்து மறைக்கவில்லை. பகையைப் பகையாகவே, ஆனால் ஒழுங்காகச் செய்தார்கள். மேற்கே விதைக்காதே, மாடு மேயும் என்று சடையப்பன் சொன்னார். அந்த முருக்கமரத்தில் குஞ்சை விடாதீங்க மாமா, கட்டெறும்பு இருக்கு என்று கயலு சொன்னாள். முட்டையிலிருந்து பொரிந்து வந்த நத்தைக் குஞ்சுகளை அவர் ஈரப்பாசியில் பொதிந்து, அவை மிளகளவே இருந்தாலும் கனத்ததால், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காப்பித் தோட்டத்து நிழல்மரங்களிலெல்லாம் ஏற்றிவிட்டார். செம்போத்து வந்தால் துண்டை வீசினார். ஊரும் இரண்டாகப் பிரிந்து சேர்ந்துகொண்டது: ரோடு வலப்பக்கம் போகட்டும் என்பவர்கள் இரவு பகலாக நத்தை வளர்த்தார்கள், இடப்பக்கம் போகட்டும் என்பவர்கள் சட்டிபானையிலெல்லாம் தும்பை வளர்த்தார்கள், ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த எரிச்சலில் இன்னும் நன்றாக வளர்த்தார்கள், அன்பினால் வளர்த்திருந்தால்கூட இத்தனை வந்திருக்காது.

கார்த்திகையில் பலாக்கிளை தரையைவிட்டு எழுந்தது. மார்கழியில் நாகரத்தினம் துணி போட முக்காலி தேடினாள். தை பிறந்ததும் கிளை பழைய உயரத்துக்கே போய்விட்டது, கிளையில் காயப்போட்டு எடுக்காமல் விட்ட ஒரு பாவாடையோடு. வேலம்மாவின் கழுத்து நிமிர்ந்தது. அவள் இப்போது ஒன்றுக்கு நான்காகப் பூ வைத்துக்கொண்டாள், ஆனால் தலை நேரானதும் யாரும் அவளிடம் தப்பை ஒத்துக்கொள்வதில்லை என்பதில் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. கடைக்காரர் எடைக்கல் நத்தையைத் தள்ளுபடி செய்து தோட்டத்தில் விட்டார்.

மழைக்குப் பிந்திய எடைக்கு கோதண்டபாணி வந்தார். தட்டில் வைத்த தும்பை காற்றில் பறந்து போனது, பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். நத்தையை ஒரு விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது. துலாக்கட்டை ஒரு முடிகூட எந்தப் பக்கமும் சாயவில்லை. கயலு பக்கத்தில் நின்றாள், தும்பைக் குரல் கேட்டுக் கூட்டம் இந்தத் தடவையும் சிரித்தது, நத்தைக்கு அவள் வாயைத் திறக்கவே இல்லை. அதிகாரி இரண்டு பக்கத்து மரங்களையும் புதர்களையும் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார், நன்றாக இருக்கிறது என்றார், இறங்கிப் போனார். ஊர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பொங்கல் வைத்தது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்ததால் பொங்கல் இரண்டு பானை.

மறுநாள் காலை போன் வந்தது.

வேங்கைக்கானலில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் துலாக்கட்டை நிற்கிற மேடுதான், அங்கே எந்நேரமும் நிற்கிறவள் கயலுதான், ஊருக்குச் சொல்லவேண்டியதை அதிகாரி அவள் போனுக்குத்தான் சொல்வார். இன்றைக்கும் பதறாமல் சொன்னார். நத்தையும் தும்பையும் இப்போது ஏராளம். இரண்டுக்கும் ஆபத்தில்லை என்று எழுதியாகிவிட்டது. ஆபத்தில்லாத ஒன்றைச் சட்டம் காக்காது. அதனால் எந்த வழியிலும் ரோடு போகலாம். புறம்போக்கில் இருக்கிற வீட்டுக்கு யார் சம்மதமும் தேவையில்லை, வண்டிகளை வலப்பக்கமே அனுப்பச் சொல்கிறார்கள். பாறைக்குச் சொந்தக்காரர் தானாக முன்வந்து சரி என்றால் மட்டும் மாற்றலாம்.

 எல்லாவற்றையும் பெருக்கிப் பெருக்கித் தன் வீட்டைத் தானே இலேசாக்கிவிட்டோம் என்று கயலுவுக்குப் புரிந்தது. கீழே அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பொங்கலுக்கென்று பாத்திரங்களை மறுபடி ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடுக்கி வைத்திருந்தாள்.

“சடையப்பன் பக்கத்துல இருந்தா குடும்மா” என்றார் கோதண்டபாணி.

சடையப்பன் பக்கத்தில் இல்லை. காப்பி மூட்டையோடு பாதையில் வந்துகொண்டிருந்தார், இன்னும் தூரம். கயலு போனை வாயருகே கொண்டுபோனாள். இரண்டு தடவை கனைத்தாள்.

“சொல்லுங்க சடையப்பன்” என்றார் அதிகாரி, உடனே, ஒரு சந்தேகமும் இல்லாமல்.

ஒரு சொல் போதும். அந்தக் கனைப்புக்குப் பின்னால் அந்த ஒரு சொல்லை வைத்தால் வீடு நிற்கும். கயலுவின் தொண்டை முழுக்க மாமாவின் குரல் தயாராக நின்றது, ஆனால் அந்தக் குரல் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மழையில் தலை நனைய முட்டைக்குக் குடை பிடித்த மனிதர் அதை எப்படிச் சொல்வார், சொல்வாரா, அதுவே அவளுக்குத் தெரியாது. கேட்காததை அவளால் பேச முடியாது. போனைத் தாழ்த்தினாள். பார்த்தால் சடையப்பன் மூட்டையோடு எதிரே நின்றார். தன்னுடைய கனைப்பைத் தூரத்திலேயே கேட்டுவிட்டிருந்தார்.

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், யார் குரலிலும் இல்லாமல், தட்டுத் தடுமாறி. அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு போனை வாங்கினார்.

“சார், நான் சடையப்பன். என் பாறையை எடுத்துக்கங்க.”

 அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம். “கயலு, மொதல்ல கனைச்சப்ப நானே ஏமாந்துட்டேன். ரெண்டாவது சரியில்ல. அவர் இவ்வளவு மெல்லிசா பேசமாட்டாரும்மா.”

சடையப்பன் குரலை உயர்த்திச் சொல்லிப் பார்த்தார். இன்னும் மோசம் என்றார் அதிகாரி. ஆள் நேரில் வரவேண்டும், சாயங்காலத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் வலப்பக்கம்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் துலாக்கட்டையின் இரண்டு தட்டுக்கும் நடுவே நின்றார்கள். கயலு கேட்டாள், பாறை போனால் காப்பிக்கொட்டையை எங்கே காயப்போடுவீர்கள் என்று.

“ரோடு வருதுல்ல” என்றார் சடையப்பன். “ரோட்டுலதான். கீழ ஊருல எல்லாரும் அங்கதான காயப்போடறாங்க.” பிறகு பலாமரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்த மரத்தில் எந்தக் கிளையில் எது முட்டை வைக்கும் என்று தனக்கு மட்டும்தான் தெரியும், அதை வெட்டிப்போட்டால் தெரிந்து என்ன பிரயோசனம் என்றார். தும்பை அவர் கூரையிலேயே பூத்துக் கிடக்கிறது, அதற்குப் பாறை இனி எதற்கு. “நீயும் கிளம்பு. நீ கண்ணு முன்னால நிக்கலைன்னா, நீதான் எங்கயோ ஒளிஞ்சு நின்னு பேசறேன்னு அவன் சொல்லுவான்.”

பஸ் முக்கில் நின்றது. வேலம்மா விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து இரண்டு பேருக்கும் கட்டுச்சோறு கொடுத்தாள்.  நாகரத்தினம் அண்ணனின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு நத்தைக் குஞ்சை எடுத்துக் கிளையில் விட்டாள். பஸ்ஸில் சடையப்பன் வெட்கத்தோடு, தன் குரலை ஒரு தடவை பேசிக்காட்டு என்று கேட்டார். கயலு பேசிக்காட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவ்வளவு கடுகடுன்னா இருக்கேன் என்றார்.

அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. அவர்கள் முறை வருவதற்கு முன்னால் சடையப்பன் வாசலில் இருந்த பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கயலுவிடம் நீட்டி, குடிக்காமல் வாயிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் இரண்டு கன்னமும் உப்ப வைத்துக்கொண்டாள்.

கோதண்டபாணி மேஜைக்கு அந்தப்பக்கமிருந்து முதலில் கயலுவின் கன்னங்களைப் பார்த்தார், அப்புறம் சடையப்பனின் வாயைப் பார்த்தார், மறுபடி கன்னங்களைப் பார்த்தார்.

சடையப்பன் இரண்டு தடவை கனைத்தார். கயலுவுக்குச் சிரிப்பு மூக்கு வரை வந்துவிட்டது, கண்ணில் நீர் முட்டியது, ஒரு சொட்டுச் சிந்தினாலும் வீடு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் மெல்லிசான, யாரும் நம்பாத அந்தக் குரலில், என் பாறையை எடுத்துக்கங்க, சம்மதம் என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் பூட்டுப் போட வாயைத் திறந்து, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அதிகாரி தலையை ஆட்டிப் பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடித்து மூடி போட்டு வைக்கிறவரை காத்திருந்துவிட்டு, கயலு அந்தத் தண்ணீரை விழுங்கினாள்.